பதினான்காம் எண்ணைப் பற்றி எழுதாமல் விட்டவை

1

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே வெயில் இருந்தது, சூடு இல்லை. ஜெர்மனியில் அந்த மாதத்து வெயில் அப்படித்தான். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் காவ்யா தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் சமையலறைக்குள் வந்து, நான்காக மடித்த ஒரு தாளை மேசைமேல் வைத்தாள்.

"இது நீ எழுதுனதாம்மா?"

பிரித்துப் பார்த்தேன். நான் எழுதியதுதான்.

"மத்த பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்க. எனக்கு மட்டும் நாலு வரி."

"நாலு வரின்னா என்ன இப்ப? தப்பா ஒண்ணும் எழுதலையே."

"தப்பா எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்ல. நீ என் ஆட்டத்தப் பாக்கவே இல்லையோன்னு இருக்கு."

காவ்யாவுக்கு இருபத்திரண்டு வயது. நாங்கள் வசிக்கும் இந்த ஊரின் தொழில்முறைப் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். சட்டை எண் பதினான்கு. அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர். அவளுடைய ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று சித்திரைக்குள் முடிவு செய்ய வேண்டியவர், தை மாதம் புதிதாக வந்து சேர்ந்த கோச் காத்ரின். அதற்காகத்தான் ஒவ்வோர் ஆட்டக்காரியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார். அணியில் அவளுடைய வேலை என்ன, அவள் இருப்பதால் என்ன கூடுகிறது, எங்கே குறைகிறது. முந்தின நாள் ஒவ்வொருத்தியையும் தனியாக அழைத்து, அவரவர் பக்கத்தைக் கையில் கொடுத்துப் பேசியிருக்கிறார்.

காவ்யா காபி குடிக்கவில்லை. தன் அறைக்குப் போய்விட்டாள். நான் அந்த நாலு வரியை மறுபடி படித்தேன். 'பதினான்கு. உழைப்பவள். சொன்னதைச் செய்வாள். ஆட்டம் பரவாயில்லை. இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.'

2

ஆட்டக்காரியின் அம்மாவே மதிப்பீடு எழுதுவதாவது என்று ஊரில் இருந்து படிப்பவர்களுக்குத் தோன்றும். இங்கே கிளப் என்பது அதன் உறுப்பினர்கள்தான். ஆட்டத்தின் நடுவில் யாராவது விழுந்தால் ஓடிவந்து தரையில் வியர்வையைத் துடைப்பவர் ஊரில் பெரிய பல் மருத்துவர். இடைவேளையில் விற்கும் கேக் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டிலிருந்து வரும். நான் ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கேக் சுட வராது. அதனால் நோட்டு எழுத ஆரம்பித்தேன்.

காவ்யா சிறுமிகள் அணியில் சேர்ந்த வருஷத்திலிருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு நோட்டிலும் பக்கத்தின் தலையில் தேதி, இந்த ஊர்த் தேதி ஒன்று, தமிழ்த் தேதி ஒன்று. இடது பக்கம் யார் எத்தனையாவது நிமிஷத்தில் உள்ளே போனாள், எப்போது வெளியே வந்தாள். வலது பக்கம் கம்ப்யூட்டர் எண்ணாதவை. பாயின்ட், ரீபவுண்ட், கூடைக்கு வழிசெய்த பாஸ், இதையெல்லாம் இரண்டு மாணவர்கள் மடிக்கணினியில் தட்டிவிடுகிறார்கள். ஆனால் பந்தோடு ஓடுபவளை எதிரணிக்காரி துரத்தும்போது குறுக்கே சுவர்போல அசையாமல் நின்று, அவள் தன்மேல் மோதி நிற்கும்படி செய்கிறாளே ஒருத்தி, அவளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை எங்கள் உயரமான ரூட்டா எடுக்கிறாள். எதிரணி நெட்டைக்காரியை இடுப்பால் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டிருந்தது வேறொருத்தி. பந்து யாருடைய கையில் இருந்ததோ அவளுடைய பெயர்தான் திரையில் வரும். நான் மற்றவளுக்கு ஒரு சின்ன வட்டம் போடுவேன். குறுக்கே நின்றவளுக்குப் பெருக்கல் குறி. முதல் வருஷம் அப்படி நிற்பதைச் சரியான ஜெர்மன் சொல் தெரியாமல் 'வீட்டுச் சுவர்' என்று எழுதிக் கொடுத்தேன். பெண்கள் ஒரு மாதம் சிரித்தார்கள். இப்போது அவர்களே ஆட்டத்தின் நடுவில் 'வீட்டுச் சுவர்!' என்று கூப்பிடுகிறார்கள்.

நோட்டில் எல்லா ஆட்டக்காரிகளும் பெயரோடு இருக்கிறார்கள், காவ்யாவைத் தவிர. அவள் மட்டும் 'பதினான்கு'. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் பிறந்தபோது பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் கணவர் சுந்தருடைய இனிஷியலைக் காட்டினோம். ஓர் எழுத்தைப் பெயராகப் பதிய முடியாது, விரித்துச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மாள். மூன்று முறை போனோம். மூன்று முறையும் வேறு வேறு படிவம். கடைசியில் இனிஷியலை விரித்து, என் மாமனாருடைய பெயரே என் மகளுக்குக் குடும்பப் பெயரானது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவர் அவர். கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. இப்போது இந்த அரங்கத்தில் ஒலிபெருக்கிக்காரர் அவருடைய பெயரை ஐந்து துண்டாக உடைத்துக் கத்த, ஜனங்கள் திருப்பிக் கத்துகிறார்கள். என் மாமியார் ஆயுசு முழுக்க அந்தப் பெயரைச் சொல்லாமல் 'அவரு' என்றே காலம் தள்ளியவர். எனக்கும் அது வாயில் வராது, எழுதக் கையும் வராது. பெருமாள் பெயர் என்பதோடு விட்டுவிடுங்கள்.

ஆனால் நாலு வரிக்கு அது காரணம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேறு காரணத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

3

எனக்குப் பதினெட்டு வயதில் நடந்தது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற ரோட்டில். கல்லூரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய், வெயில் ஏறுவதற்குள் சிமென்ட் தரையில் பயிற்சி முடித்துவிட்டு வகுப்புக்குப் போவோம். வைகுண்ட ஏகாதசி நாட்களில் பஸ்ஸைத் திருப்பிவிட்டுவிடுவார்கள். கான்வாஸ் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தை நடந்தே கடப்பேன். எதிரே பெருமாளைச் சேவிக்க வருகிற கூட்டம். நான் ஒருத்தி மட்டும் ஆற்றைப் பார்த்தபடி எதிர்த் திசையில்.

அந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுக்கச் சென்னையில் ஒரு மாதப் பயிற்சி முகாம். எங்கள் உடற்பயிற்சி மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உங்க பொண்ணு நல்லா ஆடுதும்மா. அனுப்பி வையுங்க."

"நீங்கதான் பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க மாஸ்டர். ஏதோ ஓடறா. அவ்வளவா ஒண்ணும் வராது அவளுக்கு."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"வீட்ல ஒரு வேலை செய்யறதில்ல. அங்க வந்து என்ன செஞ்சிடப் போறா?"

மாஸ்டர் சிரித்துக்கொண்டே மோரைக் குடித்து முடித்து, "சரிம்மா, வர்ற திங்கக்கிழமை ஸ்டேஷனுக்கு அனுப்பி வெச்சிடுங்க" என்று எழுந்தார். அம்மாவும் "ஆகட்டுங்க" என்றார். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமலே காரியம் முடிந்துவிட்டது. மாஸ்டர் மண்ணச்சநல்லூர்க்காரர். பெற்றவள் ஒன்று சொன்னால் அதில் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா என்னைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்தார். ஒரு கை கல்லுப்பு, நாலைந்து காய்ந்த மிளகாய். மூன்று சுற்று. துப்பச் சொன்னார், துப்பினேன். அப்படியே கொண்டுபோய் அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. நெடி அடிக்கவில்லை.

"பாத்தியா? ஒரு தும்மல் வருதா பாரு. அவ்வளவு கண்ணு பட்டிருக்கு ஒன்மேல."

கண் படவில்லை என்றால் மிளகாய் நெடி தாங்காது; பட்டிருந்தால் நெடியே வராது. அதுதான் எங்கள் வீட்டு நம்பிக்கை. நெடி இல்லை என்று சொன்னபோது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. என் ஆட்டத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை அந்த அடுப்பங்கரையில் தெரிந்துகொண்டேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.

முகாமுக்குப் போனேன். மாநில அணியில் இரண்டு வருஷம் பெஞ்சிலும் கொஞ்சம் தரையிலுமாக இருந்தேன். பிறகு படிப்பு, கல்யாணம், இந்த நாடு. அம்மா இறந்தது ஓர் ஆடி மாதம். என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. தற்காலிகத் தாள் ஒன்று தர அலுவலகத்தில் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். நான் போய் இறங்கியபோது ஒன்பதாம் நாள். வீட்டில் கேஸ் அடுப்பு வந்திருந்தது. பழைய அடுப்பு இருந்த மூலையில் ஃப்ரிட்ஜ் நின்றது.

4

காவ்யாவுக்குப் பதின்மூன்று வயதில், முதல் பெரிய போட்டியில் ஜெயித்து வந்த சாயங்காலம், நானும் உப்பும் மிளகாயும் எடுத்தேன். மின்சார அடுப்பில் போட முடியாது. இரும்புச் சட்டியில் போட்டுச் சூடு பண்ணினேன். நெடியா இல்லையா என்று பார்ப்பதற்குள் கூரையில் இருந்த புகைக் கருவி கத்த ஆரம்பித்தது. மேல்வீட்டுக்காரர் ஈரத் துண்டோடு ஓடி வந்தார். கீழ்வீட்டு அம்மாள் நாயைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றாள். அடுத்த வாரம் கட்டட நிர்வாகத்திடமிருந்து முத்திரை போட்ட கடிதம்: வீட்டுக்குள் மசாலாப் பொருட்களை எரிப்பது குடியிருப்பு விதிகளுக்குப் புறம்பானது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

அதோடு சுற்றிப் போடுவதை விட்டுவிட்டேன். ஆனால் மற்றதை விடவில்லை. ஆட்டம் முடிந்து மற்ற பெற்றோர்கள், "காவ்யா இன்று பிரமாதம்" என்று கைகொடுக்க வருவார்கள். நான் உடனே, "பரவாயில்லை, இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்பேன். அவர்கள் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். காவ்யா பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஒன்பது வருஷம் அப்படி நின்றிருக்கிறாள்.

மத்தியானம் அவள் அறைக்குப் போய் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். மாஸ்டர், மோர், மிளகாய் எல்லாம். கட்டிலில் குப்புறப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ மிளகாய் சுத்தலையே."

"அலாரம் அடிக்குதுல்ல?"

"அப்ப வாயால சொல்லியிருக்கலாம்ல?"

சொன்னால் கண் பட்டுவிடுமே என்றுதான் சொல்லவில்லை.

"நான் மாத்தி எழுதித் தரேன். காத்ரின்கிட்ட நானே போய்க் கொடுக்கறேன்."

"வேணாம். பொண்ணு அழுதா, அம்மா ஒரு பக்கம் எழுதிட்டாங்கன்னு ஆயிடும். இப்ப நீ எத எழுதுனாலும் நம்ப மாட்டாங்க."

அவள் சொன்னது சரி. அதைவிடச் சங்கடம் வேறொன்று இருந்தது. நான் உண்மையாகவே அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். ரூட்டாவுக்கு, கேப்டனுக்கு, பதினொன்றாம் எண்காரிக்கு வட்டமும் பெருக்கலும் வரிசையாக இருக்கின்றன. பதினான்குக்கு உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அவ்வளவுதான். அவள் ஆடும்போது கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டே பழகிப்போயிருந்தேன்.

5

ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். கல்லூரியில் என்னோடு ஆடியவள். மாநில முகாமிலும் பக்கத்துக் கட்டில். பாலக்கரையில் வீடு. இப்போது திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. மாவட்டப் போட்டி ஒன்றில் நாங்கள் தோற்ற அன்று, அழுதுகொண்டிருந்த எங்களையெல்லாம் மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைவீதிக்கு இழுத்துப்போய் ஆளுக்கொரு எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, யார் யாரால் தோற்றோம் என்று வரிசையாகச் சொன்னவள். தன் பெயரை முதலில் சொன்னாள். என் பெயரை இரண்டாவதாக.

எங்கள் கிளப்பின் ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆறு ஆட்டம் அனுப்பினேன். பன்னிரண்டு பேரைப் பற்றியும் எண்ணை வைத்து எழுதச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள், நடந்ததைச் சொன்னேன்.

"சரி, எது ஒன் பொண்ணுன்னு சொல்லாத. நான் பட்சபாதம் இல்லாமப் பாக்கறேன்."

மறுநாளே செய்தி வந்தது. 'பதினாலுதானேடி? ஓடறப்போ கைய ஒன்ன மாதிரியே வீசறா. அந்த வீச்ச எங்க கொண்டுபோய் ஒளிப்ப?'

எட்டு நாள் கழித்து வீடியோவில் வந்தாள். பள்ளியில் பந்தும் வலையும் வைக்கிற அறை. பின்னால் காற்றுப் போன பந்துகள் குவிந்து கிடந்தன. கையில் டைரி.

"சொல்லிக்கிட்டே வரேன், எழுதிக்க. நாலாம் நம்பர், கேப்டன். தைரியக்காரி. ஆனா தோக்கறப்பதான் நல்லா ஆடறா; ஜெயிக்கறப்ப தூங்கிடறா. பதினொண்ணு, தங்கமான கை, சோம்பேறிக் கால். ஒங்க நெட்டச்சி…"

"ரூட்டா."

"என்ன ரூட்டோ. அவளுக்குப் பின்னால யார் வரான்னே தெரியல. முதுகுல கண்ணு இல்லாத பொண்ணு. வரேன், பதினாலு."

நான் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எடது கை சுத்த மோசம் வசு. பந்து எடது பக்கம் போச்சுன்னா ஆளே மாறிடறா. எங்க ஒம்பதாம் வகுப்புப் பிள்ளைங்களே அவள வலது பக்கம் மறிச்சு நிறுத்திடும்."

"ம்."

"என்ன ம்? அழுவறியா?"

"இல்ல, எழுதறேன்."

"இன்னொண்ணு கேக்கணும். அவ என்னத்தடி கத்திக்கிட்டே இருக்கா?"

"யாரு?"

"ஒன் பொண்ணுதான். உள்ள வந்ததுலேர்ந்து வாய் மூடல. அவளை உக்கார வெச்சதும் நடை சாத்துன கோயில் மாதிரி ஆயிடுது கிரவுண்டு. திரும்ப எறக்கறாங்க, திரும்பச் சத்தம். நான் நாலு ஆட்டம் சரிபாத்துட்டேன்."

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். 'இடது', 'பின்னால்', 'என் ஆள்', 'மாறு', 'சுவர்'. அப்படித்தான் ஏதோ கத்துவாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"எனக்கு அந்தப் பாஷை தெரியாது, அதனால வெறும் சத்தமாக் காதுல விழுந்துச்சு. நீ குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்திருப்ப. ஆட்டத்தக் கண்ணால மட்டும் பாத்தா எப்படி? நம்ம டீம்ல யாருடி அப்படிக் கத்துனா?"

"யாரும் இல்ல."

"அதான் சோடா குடிச்சோம்."

6

அன்றிலிருந்து ஆறு ஆட்டத்தையும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன். முதலில் கண்ணை மூடிக் கேட்டேன். பிறகு பார்த்தேன். இடது பக்கத்தில் காவ்யா உள்ளே இருந்த நிமிஷங்கள் இருந்தன. வலது பக்கத்தில், ரூட்டாமேல் எதிரணிக்காரிகள் பின்னாலிருந்து வந்து மோதியதற்கெல்லாம் நான் வழக்கம்போல ஒரு புள்ளி வைத்திருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டபோது கை நின்றுவிட்டது. ஒன்றிரண்டைத் தவிர அத்தனை புள்ளிகளும் காவ்யா பெஞ்சில் இருந்த நேரத்தில் விழுந்தவை. முதுகில் கண் இல்லாத பெண்ணுக்கு முதுகுக் கண்ணாக இருந்தது பதினான்காம் எண். பாயின்ட் எடுப்பவர்கள் வேறு. அவர்கள் அடிபடாமல், தடுமாறாமல் நிற்க வழிசெய்தது அவளுடைய வாய்.

புள்ளிகளை வைத்தவள் நானேதான். நிமிஷங்களைக் குறித்தவளும் நான்தான். பல வருஷமாக எதிரெதிர்ப் பக்கத்தில் கிடந்தவற்றை ஒரு நாள்கூடச் சேர்த்துப் பார்த்ததில்லை.

பன்னிரண்டு பக்கத்தையும் புதிதாக எழுதினேன். ஒருத்திக்கு மட்டும் மாற்றினால் அது நியாயமாகாது. யார் பேசுகிறாள், யார் மௌனமாகிவிடுகிறாள் என்பது எல்லோர் பக்கத்திலும் விட்டுப்போயிருந்தது. காவ்யாவுடைய பக்கத்தில் இடது கையைப் பற்றி ஆரோக்கியம் சொன்னதைச் சொன்னபடி போட்டேன். எந்த ஆட்டம், எந்த நிமிஷம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. மேலே ஒரு கடிதம்: முதல் தாளை எங்கள் ஊர் வழக்கப்படி எழுதிவிட்டேன், கண்ணால் பார்த்து எழுதவில்லை, மன்னிக்கவும். முடிப்பதற்குள் சித்திரை பிறந்துவிட்டது.

காத்ரின் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு என்னை அலுவலக அறைக்கு அழைத்தார். நேராகப் பேசுகிற பெண். ஜெர்மனில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வீடியோவோடு வைத்துச் சரிபார்த்தேன். நீங்கள் எழுதியிருப்பது சரி. எனக்கும் இது தெரியாமல் போயிருக்கிறது."

"நன்றி."

"ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் முதல் தாளைப் படித்தபோது என்ன நினைத்தேன் தெரியுமா? அம்மாக்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். அம்மாவே நாலு வரிதான் எழுதுகிறாள் என்றால் உண்மை அதற்கும் கீழே இருக்கும் என்று கழித்துக்கொண்டேன்."

எனக்கு மாஸ்டர் முகம் வந்து போனது. அவர் கூட்டிக்கொண்டார், இவர் கழித்துக்கொண்டார். அம்மாவுக்கும் எனக்கும் வார்த்தை ஒன்றுதான்.

"காவ்யாவுடைய இடத்துக்கு வேறொருத்தியிடம் பேசி முடித்துவிட்டேன்" என்றார் காத்ரின். "கையெழுத்து போன வாரம் ஆகிவிட்டது. இந்தத் தாள் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். இனி மாற்ற முடியாது."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

"பின்லாந்தின் வடக்கே என் பழைய தோழர் ஒருவர் கோச்சாக இருக்கிறார். பேசுகிற ஆட்டக்காரி வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்கிறார். உங்கள் தாளை அவருக்கு அனுப்பலாமா?"

அனுப்பச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதுதான் பின்லாந்தின் வடக்கு எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்தேன்.

7

காவ்யாவிடம் அன்றே சொன்னேன். என்னால்தான் போனது என்பதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். புதிய பக்கத்தை மட்டும் கேட்டாள். ஜன்னலோரம் நின்று இரண்டு தடவை படித்தாள்.

"இந்தப் புள்ளியெல்லாம் நெஜமாம்மா?"

"நோட்டு இருக்கு, பாத்துக்க."

"ரூட்டாவுக்கு இதக் காட்டணும்." பிறகு, "எடது கைய இவ்வளவு அசிங்கமா எழுதணுமா?" என்றாள்.

"அது ஆரோக்கியம் ஆன்ட்டி சொன்னது."

"நீ எழுதுனது எது?"

"மீதியெல்லாம் நான்."

வைகாசி முதல் வாரம் பின்லாந்துக்காரர் வீடியோவில் வந்தார். காவ்யாவிடம் அரைமணி நேரம் பேசினார். பிறகு, அந்தத் தாளை எழுதியவரிடம் பேசலாமா என்று கேட்டார். காவ்யா நாற்காலியை விட்டு எழுந்து, படத்தில் விழாதபடி சுவரோரம் போய் நின்றாள். நான் உட்கார்ந்தேன். நிதானமான ஆங்கிலம் அவருடையது.

"நீங்கள் அவளுடைய அம்மா என்று காத்ரின் சொன்னார். இருந்தாலும் கேட்கிறேன். இது உங்கள் அணியாக இருந்தால் இவளை எடுப்பீர்களா?"

இதை எழுதும்போது பொய் சொல்லக் கூடாது. இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்தன. நாக்கு நுனியில் பழைய வாக்கியம் தயாராக இருந்தது. ஏதோ ஆடுகிறாள் என்று. அதோடு இன்னொரு நினைப்பும். நான் அப்படிச் சொல்லிவிட்டால் இவள் எங்கும் போக மாட்டாள். பக்கத்து ஊர்ச் சின்ன அணியில் ஆடுவாள், ஒரு வேலை தேடிக்கொள்வாள், ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் கிளம்பி வந்தபோது என் அம்மா ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றது போல நானும் எங்கும் நிற்க வேண்டியிருக்காது. அடக்கம் என்ற பெயரில் அதைச் சுலபமாகச் செய்திருக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். என் ஊரில் அதுதான் மரியாதை.

சுவரோரம் நின்ற பெண்ணை நான் பார்க்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எடுப்பேன்" என்றேன். "முதல் ஐந்து பேரில் நிறுத்துவேன். இவள் நல்ல ஆட்டக்காரி. இவள் உள்ளே இருந்தால் மற்ற நாலு பேரும் இன்னும் நன்றாக ஆடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்."

"இடது கை?"

"மோசம். ஒரு வருஷம் கொடுங்கள். பேசாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

அவர் குனிந்து எதையோ எழுதினார். சாயங்காலத்துக்குள் ஒப்பந்தத்தை அனுப்புவதாகவும், ஆவணி முதல் வாரம் அவள் அங்கே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு விமானம், அதற்கு மேல் நான்கு மணி நேரம் பஸ். குளிர்காலத்தில் சில வாரம் சூரியன் உதிக்காது. அதற்கு ஏற்ற விளக்கைக் கிளப்பே தரும் என்றார்.

திரை அணைந்த பிறகு காவ்யா வந்து என் பின்னால் நின்று, நாற்காலியோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். கனமாக இருந்தாள்.

ஏழு மணிக்குச் சுந்தர் வேலையிலிருந்து வந்தார். மூன்று தட்டு வைத்தேன். வத்தக்குழம்பும் அப்பளமும். காவ்யா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. நான் அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. ஆட்டக் களத்தில் வாய் ஓயாத பெண்ணும், அவளைப் பெற்ற நானும் எதிரெதிரே உட்கார்ந்து குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுந்தர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? கெடச்சுதா, கெடைக்கலையா?"

"கெடச்சிருச்சுங்க" என்றேன்.